மார்க்குக்குப் பதில் 1, 2, 3, 4 போடும் வெர்மான்ட் பள்ளி: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

பச்சைமலை_அம்மா:

வணக்கம் எல்லோருக்கும். போன கோடையில் நியூ ஜெர்சியிலிருந்து வெர்மான்ட்டுக்கு மாறி வந்தோம், பர்லிங்டன் பக்கம். மகன் பத்தாம் வகுப்பு. அங்கே கணக்கில் 96, 97 என்று வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை. இங்கே முதல் ரிப்போர்ட் கார்டைத் திறந்தால் மார்க்கும் இல்லை, ஏ, பி, சியும் இல்லை. ஒவ்வொரு பாடத்தின் கீழும் நாலைந்து வாக்கியங்கள், பக்கத்தில் 1 முதல் 4 வரை ஒரு எண். "இருபடிச் சார்பை அட்டவணை, வரைபடம், சமன்பாடு மூன்றிலும் எழுதி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் காட்ட முடியும்" என்று ஒரு வரி, அதற்கு 2. "தன் விடைக்கான காரணத்தை விளக்க முடியும்" என்று இன்னொரு வரி, அதற்கு 3. வீட்டுப்பாடத்தை நேரத்துக்குக் கொடுப்பது, வகுப்பில் கவனம் இதெல்லாம் வேலைப் பழக்கம் என்று தனிக் கட்டத்தில். அது கணக்கு மதிப்பில் சேராதாம்.

எனக்குத் தெரிந்து 4-க்கு 2 என்றால் 50 விழுக்காடு. பையனோ "3 வந்தா போதும்மா, 3தான் டார்கெட்" என்கிறான். தேர்வில் 2 வந்ததற்கு முகம்கூடச் சுருங்கவில்லை, திரும்ப எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டான். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! ஆசிரியர் சந்திப்பில் அந்தம்மாவும் சிரித்த முகமாக, அவன் நன்றாகப் போகிறான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எங்கே போகிறான் என்றுதானே நான் கேட்கிறேன்.

இதற்கு மேல் பர்சனலைஸ்டு லேர்னிங் பிளான் என்று ஒரு படிவம், டூயல் என்ரோல்மென்ட், எர்லி காலேஜ், டெக்னிக்கல் சென்டர் என்று ஆலோசகர் அடுக்கிக்கொண்டே போனார், பாதி புரியவில்லை. கல்லூரிக்காரர்கள் இந்த 1, 2, 3-ஐப் பார்த்து என்ன நினைப்பார்கள்? நாளைக்கே இந்தியா திரும்ப வேண்டி வந்தால் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வீட்டுக்காரர் பேசாமல் மாசசூசெட்ஸ் பக்கம் போய்விடலாமா என்று கேட்கிறார். அவர் பாதி விளையாட்டாகச் சொல்கிறார், நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆற்றங்கரை:

சகோதரி, முதலில் அந்த 50 விழுக்காட்டை மறந்துவிடுங்கள். 2 என்பது நான்கில் இரண்டு பங்கு இல்லை. 1 என்றால் இப்போதுதான் தொடங்கியிருக்கிறான், 2 என்றால் வந்துகொண்டிருக்கிறான், 3 என்றால் பள்ளி முடிக்கும் பட்டம் (டிப்ளமோ) வாங்க என்ன வேண்டுமோ அது வந்துவிட்டது, 4 என்றால் அதையும் தாண்டிவிட்டான். பள்ளிக்குப் பள்ளி சொற்கள் கொஞ்சம் மாறும், ஆனால் 3-ஐ 75 என்று படித்தால் எல்லாமே கோணலாகத்தான் தெரியும். பத்தாம் வகுப்பின் முதல் பாதியில் ஒரு வரிக்கு 2 வருவது சாதாரணம்.

இங்கே இரண்டு விஷயம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது, பிரித்துப் பார்த்தால் தலைவலி குறையும். 2013-இல் வெர்மான்ட் சட்டமன்றம் ஆக்ட் 77 என்று ஒன்றை நிறைவேற்றியது, அப்போதைய ஆளுநர் பீட்டர் ஷம்லின் கையெழுத்திட்டார். ஏழாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் (அதுதான் பர்சனலைஸ்டு லேர்னிங் பிளான்), பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் (அதுதான் டூயல் என்ரோல்மென்ட்), தொழிற்கல்வி, வேலை செய்தபடியே படிப்பது, ஆன்லைன் வகுப்பு இதெல்லாம் அந்தச் சட்டத்தில் வருபவை. இந்த 1-2-3-4 சமாச்சாரத்தின் வேர், அடுத்த வருடம் மாநிலக் கல்வி வாரியம் கொண்டுவந்த தர விதிகளில் இருக்கிறது. இத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தான் என்பதற்காகப் பட்டம் தரக்கூடாது, என்ன செய்யத் தெரியும் என்று காட்டினால்தான் தரவேண்டும் என்று அது சொன்னது. 2020-இல் பட்டம் வாங்கிய பிள்ளைகள்தான் அந்த விதிப்படி முதல் செட். அளவுகோல் எப்படி இருக்கவேண்டும் என்பதை ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் (உள்ளூர்ப் பள்ளி நிர்வாகம்) தானே வைத்துக்கொண்டது, அதனால் பக்கத்து ஊர்ப் பள்ளியில் வேறு மாதிரி இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

கல்லூரி பற்றிப் பயப்படாதீர்கள். என் மகள் இதே முறையில் படித்துத்தான் வெர்மான்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். நியூ இங்கிலாந்தில் (இந்த வடகிழக்கு மாநிலங்களில்) பல கல்லூரிகள், இப்படிப்பட்ட டிரான்ஸ்கிரிப்டோடு (மதிப்பெண் தாளோடு) வருபவர்களுக்கு அதனால் எந்தக் குறைவும் வராது என்று எழுதியே கொடுத்திருக்கின்றன. சேர்க்கை அலுவலகத்தில் இருப்பவர்கள் உலகத்தில் உள்ள எல்லா வகை மதிப்பெண் தாளையும் பார்த்தவர்கள்தான். டிரான்ஸ்கிரிப்டோடு ஸ்கூல் புரொஃபைல் என்று ஒரு தாள் போகும், அதில் இந்த எண்களுக்கு என்ன பொருள், ஜி.பி.ஏ. (எல்லாப் பாடங்களின் சராசரிப் புள்ளி) கணக்கிடுகிறார்களா, எப்படி என்று இருக்கும். அதை இப்போதே கேட்டு வாங்கிப் படியுங்கள். இந்தியா திரும்பினால் ஏ.ஐ.யூ.விடம் (இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்) சமானச் சான்று வாங்கும்போதும் அந்தத் தாள் கையில் இருப்பது நல்லது. வெறும் 3.2 என்று காட்டினால் அங்கே கவுன்ட்டரில் இருப்பவர் உங்களைப் போலத்தான் முழிப்பார்.

கரும்பலகை:

நான் வெர்மான்ட்டில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். மேலே அண்ணா சொன்னது சரி, ஆனால் உள்ளே இருந்து பார்ப்பவர்களுக்கு வேறு சிலதும் தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நியூ ஜெர்சியின் அந்த 97-ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். வீட்டுப்பாடத்துக்கு இவ்வளவு, நோட்டுக்கு இவ்வளவு, எக்ஸ்ட்ரா கிரெடிட் கொஞ்சம், தேர்வு மீதி, எல்லாம் சேர்த்து அடித்த சராசரிதான் அது. ஒழுங்கான பிள்ளைக்கு அதில் எப்போதும் லாபம். என்னிடம் அப்படி வரும் பிள்ளைகள் சமன்பாட்டைத் தீர்ப்பார்கள், மடமடவென்று தீர்ப்பார்கள். ஒரு வளைகோட்டை மட்டும் காட்டி இதன் சமன்பாட்டை எழுது என்றால் கை நின்றுவிடும். உங்கள் மகனுக்கு 2 போட்டிருக்கும் வரியும் அதுதான். அட்டவணையில் y எப்படிக் கூடுகிறது, அந்த வித்தியாசத்தின் வித்தியாசம் மாறாமல் இருக்கிறதா, அப்படியானால் இது இருபடிதான் என்று அவனாகக் கண்டுபிடிக்க வேண்டும். 97-க்குள் இந்த ஓட்டை தெரியவே தெரியாது, இந்த 2-இல் பளிச்சென்று தெரிகிறது. எனக்கு இந்த முறை பிடிக்கக் காரணமே அதுதான்.

இனி பிடிக்காதவை. ஒன்று, கடைசி எண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பது. ஒரு பிள்ளை ஒரே திறனில் 1, 2, 3, 3 என்று வாங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சராசரி எடுத்தால் 2.25. கடைசியாக வந்ததை மட்டும் எடுத்தால் 3. சில மென்பொருள்கள் கடைசி மதிப்புக்கு 65 விழுக்காடு, அதற்கு முந்தையவற்றின் சராசரிக்கு 35 விழுக்காடு என்று எடுக்கும், அப்படிப் பார்த்தால் 2.65. ஒரே பையன், ஒரே வேலை, மூன்று விதமான எண்! தொடக்கத்தில் தெரியாமல் இருந்ததற்குக் கடைசிவரை தண்டனை கூடாது என்பதுதான் இந்த முறையின் அடிப்படை, அப்படியிருக்க இன்னமும் வெறும் சராசரி அடிக்கும் வகுப்புகள் உண்டு. உங்கள் பள்ளி எதைச் செய்கிறது என்று கேளுங்கள்.

அப்புறம் இந்த மறுதேர்வு. நினைத்தபோது போய் எழுதுவது இல்லை அது. என் வகுப்பில் தப்பு ஒவ்வொன்றும் ஏன் வந்தது என்று எழுதிக் கொடுத்து, அதே வகையில் பயிற்சி முடித்த பிறகுதான் வேறு கேள்வித்தாள் தருவேன். பல பள்ளிகளில் நடைமுறை இதுதான். ஆனாலும் பிள்ளைகள் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு ஜூன் மாதம் கூட்டமாக வந்து நிற்பார்கள், நானும் மனுஷிதானே. ஒருவருக்கு மூன்று வாரம், இன்னொருவருக்கு ஏழு வாரம் பிடிக்கும், நேரம் மாறட்டும், தேர்ச்சி மாறாமல் இருக்கட்டும் என்று அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் ப்ளூம் 1968-லேயே எழுதிவிட்டார். நாங்கள் அளவுகோலை மாற்றினோம், நாட்காட்டியை மாற்றவில்லை. வகுப்பில் இருபத்துச் சொச்சம் பேர், பருவம் முடியும் தேதி எல்லோருக்கும் ஒன்றே. இந்த முறையின் நிஜமான கோளாறு 1-2-3-4-இல் இல்லை, அங்கேதான் இருக்கிறது.

அடுத்த ஆசிரியர் சந்திப்பில் நன்றாகப் படிக்கிறானா என்று கேட்காதீர்கள். "இந்த வரியில் 2-லிருந்து 3-க்குப் போக அவன் எந்த வேலையைச் செய்து காட்டவேண்டும், 3 வாங்கிய ஒரு மாதிரித் தாளைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்ட முடியாத ஆசிரியர் அந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

மெய்ன்_மாமா:

எல்லோரும் இப்படி விழுந்து விழுந்து வக்காலத்து வாங்குகிறீர்களே, எங்கள் மெய்ன் மாநிலத்தில் என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லையே. மெய்னில் 2012-இல் சட்டமே போட்டார்கள், தேர்ச்சி காட்டினால்தான் டிப்ளமோ என்று. என் மூத்தவள் அதில் மாட்டினாள். ஒவ்வொரு மாவட்டமும் தன்தன் இஷ்டத்துக்கு அளவுகோல் செய்தது, எங்கள் பள்ளியில் வருடத்துக்கு ஒரு முறை ரிப்போர்ட் கார்டின் வடிவமே மாறும், ஆசிரியருக்கே புரியாமல் பெற்றோருக்கு விளக்கக் கூட்டம் போடுவார்கள். கூட்டத்தில் ஒரே சத்தம். 2018-இல் சட்டமன்றமே கட்டாயம் இல்லை என்று பின்வாங்கிவிட்டது, வேண்டும் என்கிற மாவட்டம் வைத்துக்கொள்ளலாம், வேண்டாதவர்கள் பழையபடி போகலாம். இவ்வளவு அமர்க்களம் எதற்கு?

இன்னொன்று, கெட்டிக்காரப் பிள்ளை 3 வாங்கியதும் உட்கார்ந்துவிடும். 4-க்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டால் "இன்னும் ஆழமாக" என்பார்கள். ஆழம் என்றால் எத்தனை அடி? 100-க்கு எவ்வளவு என்றால் பிள்ளைக்கும் புரியும், ஊரில் இருக்கும் பாட்டிக்கும் புரியும்.

கரும்பலகை:

மாமா, மெய்ன் கதையில் பாதிக்கு மேல் நான் ஒத்துக்கொள்கிறேன். மேலிருந்து சட்டம் வந்தது, அதைச் செய்து காட்டப் போதுமான பயிற்சியும் நேரமும் வரவில்லை. எங்களிடமும் அந்தக் குறை உண்டு. 4 பற்றிச் சொன்னதும் நியாயம்தான், 4-க்கு விளக்கம் எழுதாமல் அளவுகோல் தருகிற ஆசிரியரிடம் நானே சண்டை போட்டிருக்கிறேன்.

ஆனால் பழைய முறை என்று எதைச் சொல்கிறீர்கள்? ஒரு பாடத்துக்கு ஏறக்குறைய 120 மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு கிரெடிட் என்று கார்னகி யூனிட் வந்தது 1906 வாக்கில். பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராய்ந்து வைத்த அளவு இல்லை அது. கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்கக் கார்னகி அறக்கட்டளையிடம் பணம் இருந்தது, எது உண்மையான கல்லூரி என்று பிரிக்க ஒரு கோடு வேண்டியிருந்தது, சேர்க்கைக்கு இத்தனை யூனிட் கேட்கும் கல்லூரிக்குத்தான் பென்ஷன் என்றார்கள், எல்லோரும் ஓடி வந்து ஒத்துக்கொண்டார்கள். யாரோ வாத்தியாரின் பென்ஷனுக்காக வந்த கணக்கில் நூறு வருடத்துக்கு மேலாகப் பிள்ளைகளை உட்கார வைத்திருக்கிறோம். எங்களுக்குப் பக்கத்து மாநிலமான நியூ ஹாம்ப்ஷயர் 2005-லேயே இதிலிருந்து நகரத் தொடங்கிவிட்டது, அவர்கள் பின்வாங்கவில்லை.

அட்டைப்பெட்டி_டீச்சர்:

நான் சென்னையில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது மகன் வீட்டில் பாஸ்டனில் இருக்கிறேன். பேரப் பிள்ளைகளுக்காக இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பேன். நீங்கள் பேசுவதைப் படித்தால் எனக்குச் செயல்வழிக் கற்றல்தான் ஞாபகம் வருகிறது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கினார்கள், ஆந்திராவின் ரிஷி வேலிப் பள்ளியில் செய்து பார்த்த முறையிலிருந்து எடுத்தது. 2007 வாக்கில் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. சுவரில் ஏணி மாதிரி ஒரு பெரிய அட்டவணை, அதில் படிப்படியாகச் சின்னங்கள் போட்ட அட்டைகள். பிள்ளை தானே வந்து தன் படியைப் பார்த்து, தட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு போய்ப் பாயில் உட்காரும். முடித்தால் அடுத்த படி.

ஊருக்குத் திருவிழாவுக்குப் போய்விட்டு வாரக்கணக்கில் வராத பிள்ளை பழைய முறையில் என்றால் தொலைந்தது, பாடம் எங்கேயோ போயிருக்கும். இதில் விட்ட படியிலிருந்து தொடரும். அதை நான் கண்ணால் பார்த்தேன். அதே சமயம் பெற்றோர்கள் வாசலில் வந்து, புத்தகம் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே, மார்க் எங்கே, பிள்ளைகள் விளையாடிக்கொண்டல்லவா இருக்கிறார்கள் என்று கேட்டதும் மறக்கவில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஒரே ஆசிரியை, இரண்டு மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாக, ஒவ்வொருவரும் ஒவ்வொரு படியில், மதியம் மூன்று மணிக்கு மேல் எனக்கே தலை சுற்றும். ஆறாம் வகுப்புக்குப் போனதும் எல்லாம் பழையபடி பரீட்சை, ரேங்க்.

அம்மாடி, உன் பையனிடம் ஒன்றே ஒன்று கேள். இந்தப் பாடத்தில் உனக்கு எது வருகிறது, எது வரவில்லை என்று. எங்கள் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஏணியைத் தொட்டுக் காட்டிச் சொல்வார்கள். அவனும் சொல்லிவிட்டால் நீ கவலைப்பட வேண்டியதில்லை. "போதும், 3 வந்துடும்" என்று மழுப்பினால் மெய்ன் மாமா சொல்கிற நோய்தான் என்று வைத்துக்கொள்.

பச்சைமலை_அம்மா:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் அம்மா சொன்னபடி நேற்று ராத்திரி கேட்டேன். லேப்டாப்பைத் திறந்து வரி வரியாகக் காட்டினான். கணக்கில் அந்த வரைபட விஷயம் வரவில்லை என்று அவனுக்கே தெரிகிறது, அதற்கு ஆசிரியரிடம் நேரம் வாங்கி வைத்திருக்கிறான், என்னிடம் சொல்லவில்லை அவ்வளவுதான். ஆங்கிலத்தில் மட்டும் "அது ஏதோ 3" என்று மழுப்பினான், அங்கே கொஞ்சம் பிடிக்கவேண்டும். ஸ்கூல் புரொஃபைல் கேட்டு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். எங்கள் பள்ளியில் கடைசி மதிப்புதான் எடுக்கிறார்களாம், ஆனால் எல்லா ஆசிரியரும் இல்லையாம், இதை என்னவென்று சொல்வது!

மாமா, பாட்டிக்கு விளக்குவதுதான் நிஜமாகவே கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது அத்தை எத்தனாவது ரேங்க் என்று கேட்டார், நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

இப்போது மிச்சம் அந்தப் படிவம்தான். பதினொன்றாம் வகுப்பில் கல்லூரிப் பாடம் எடுக்கலாம் என்கிறார்கள், பணம் கட்டவேண்டாம் என்கிறார்கள், அது உண்மையா? இவன் டெக்னிக்கல் சென்டரில் கம்ப்யூட்டர் பாடம் வேண்டும் என்கிறான், வீட்டுக்காரர் அதை ஐ.டி.ஐ. என்று நினைத்து முகத்தைச் சுளிக்கிறார். அப்புறம் இன்னொரு கேள்வி, வேறு மொழிக்கு ஸ்பானிஷ் எடுக்கச் சொல்கிறார்கள். தமிழ் நன்றாகப் பேசுவான், எழுதுவான், நியூ ஜெர்சியில் தமிழ்ப் பள்ளிக்குப் போனவன். அது எதற்கும் ஆகாதா?

ஆற்றங்கரை:

பணம் கட்டவேண்டாம் என்பது உண்மை, பாதி. பத்தாம் வகுப்பு முடித்த பிறகு, பள்ளி முடிப்பதற்குள் இரண்டு கல்லூரிப் பாடங்களுக்கு மாநிலம் வவுச்சர் தரும். கல்விக் கட்டணம் அதில் அடங்கும். புத்தகம், போக்குவரத்து நம் தலையில். பர்லிங்டன் பக்கம் இருப்பதால் உங்களுக்குப் பரவாயில்லை, வடக்கே மலைக்குள் இருக்கும் குடும்பங்களுக்குப் போய் வருவதுதான் பெரிய தடை. கம்யூனிட்டி காலேஜ் ஆஃப் வெர்மான்ட்டில் ஆன்லைனிலும் எடுக்கலாம், வெர்மான்ட் பல்கலைக்கழகத்திலும் எடுக்கலாம். என் மகள் ஒன்று புள்ளியியல், ஒன்று உளவியல் எடுத்தாள். ஒரு விஷயம் கவனம்: அங்கே கிடைக்கும் மதிப்பு கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட்டில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். மறுதேர்வு, கடைசி மதிப்பு எடுப்பது என்ற சலுகையெல்லாம் கிடையாது. பள்ளியில் திரும்ப எழுதிக்கொள்ளலாம் என்று பழகிய பிள்ளைகள் முதல் மாதம் அங்கே கொஞ்சம் திணறுவார்கள், அதனால் அவனுக்குப் பிடித்த பாடத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். எர்லி காலேஜ் என்பது பன்னிரண்டாம் வகுப்பு முழுவதையும் கல்லூரியிலேயே முதல் வருடமாகப் படிப்பது, டிப்ளமோவும் ஒரு வருடக் கல்லூரி கிரெடிட்டும் சேர்ந்து வரும். நல்லதுதான், ஆனால் நண்பர்களை விட்டுப் போகிறவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும், அவனே கேட்டால் பாருங்கள்.

அந்தப் படிவத்தைச் சும்மா நினைக்காதீர்கள். கல்லூரிப் பாடம் எடுக்கப்போவது அந்தத் தனித் திட்டத்தில் இருக்கவேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் டாக்டர், இன்ஜினியர் என்று எதையோ நிரப்பிவிட்டு மூடிவிடுவார்கள். என் மகள் முதலில் நிரப்பியதும் அந்த லட்சணம்தான். பிறகு கால்நடை மருத்துவமனையில் வேலை பார்த்தபடி அதற்குக் கிரெடிட் வாங்கலாம் என்று தெரிந்த பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காக எழுதினாள்.

டெக்னிக்கல் சென்டருக்கு வீட்டுக்காரரை ஒரு நாள் நேரில் அழைத்துப் போங்கள், எசெக்ஸில் இருப்பதையே பார்க்கலாம். ஒரு பக்கம் கார் பிரிக்கிறார்கள், இன்னொரு பக்கம் கம்ப்யூட்டர், அங்கே படித்துவிட்டு நாலு வருடப் பட்டப் படிப்புக்குப் போகிறவர்கள் உண்டு. நாளில் ஒரு பகுதி அங்கே, மீதி சொந்தப் பள்ளியில் என்று நேரம் உடையும், அதனால் மேல்நிலைக் கணக்கு வகுப்போடு மோதுகிறதா என்று மட்டும் முன்கூட்டியே பாருங்கள்.

தமிழுக்கு வழி இருக்கிறது, ஆனால் தானாக வராது, நீங்கள் கேட்கவேண்டும். என்ன செய்யத் தெரியும் என்பதுதான் அளவு என்று அவர்களே சொல்கிறார்களே, அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஏ.சி.டி.எஃப்.எல். (வேற்று மொழி கற்பித்தலுக்கான அமெரிக்க அமைப்பு) நடத்தும் வாய்மொழித் தேர்வு தமிழிலும் உண்டு, அதன் சான்றையும் தமிழ்ப் பள்ளிச் சான்றையும் வைத்து மொழித் தேர்ச்சியாக ஏற்பீர்களா என்று ஆலோசகருக்கு எழுத்தில் கேளுங்கள். மாவட்டத்தின் முடிவுதான், மறுக்கவும் கூடும். தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் பதிலை வாங்கிவிடுங்கள். வவுச்சருக்கும் இதே கதை, பள்ளி ஒப்புதல் முதலில், கல்லூரிப் பதிவு அப்புறம், மாலை நேர வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

மெய்ன்_மாமா:

தமிழுக்குக் கிரெடிட் கொடுத்தார்களா என்று கட்டாயம் இங்கே வந்து எழுதுங்கள். இளையவனுக்கு நானும் கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.